பட்டி பார்ப்பது எப்படி?

போன தீபாவளி லீவில் கோடம்பாக்கத்தில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனேன். முதல்முறையாக ஒரு கார் கதவை என்னை நம்பிக் கொடுத்தார்கள். பட்டி காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பர் போட்டேன். தூசி பறக்கவில்லை என்று சந்தோஷம் வேறு! மூன்றே வாரத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி வண்டி திரும்பி வந்தது. பத்து நாள் கூலி போச்சு. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிச்ச புள்ள பண்ற வேலையாடா இது?" என்றார் மேஸ்திரி.

காரணம், பாலியஸ்டர் பட்டியில் நிறைய டால்க் இருக்கிறது; முகப்பவுடரில் போடும் அதே கல்மாவு. பட்டி ஈரத்தை உறிஞ்சும். உள்ளே தங்கிய ஈரம் தகட்டைத் துருப்பிடிக்க வைத்து, வெயிலில் பெயின்ட்டைத் தூக்கிவிடும். ஆகவே பட்டியை உலர்வாகத்தான் தேய்க்க வேண்டும், மூக்கில் மாஸ்க்கோடு. தண்ணீரெல்லாம் பிரைமருக்குப் பிறகுதான்.

உப்புத்தாளில் எண் கூடக்கூட மணல் நைஸ். 80-ல் உருவம் எடுத்து, 120, 180 என்று போக வேண்டும். 80 போட்ட கீறலை 320 எடுக்காது. அப்போதைக்கு மறைந்து, பெயின்ட் காய்ந்ததும் கோடு கோடாகத் தெரியும். பிரைமர் மேல் 400, 600. கட்டை வைத்துத் தேயுங்கள், வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் விழும்.

100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்ட்னர் போதும். சீக்கிரம் காயட்டும் என்று அதிகம் போட்டால் பெயின்ட்டில் கறை ஏறும். என்.சி. பட்டி ஊசித்துளைக்கு மட்டும். கனமாகப் போட்டால் சுருங்கும்.

அந்தக் கதவைத் தகடு தெரியும்வரை சுரண்டி, 80-லிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.