ஓலைப் பெட்டிக்கு ஒரு விலை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவி)

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்பது பழமொழி. ஆனால் தன் கையால் செய்த பொருளுக்கு விலை சொல்ல வேண்டிய நேரத்தில் நம்மில் பலருக்கு வாய் அடைத்துப் போகிறது. கைவினைப் பொருளை இணையத்தின் வழியே விற்கக் கைப்பேசி மட்டும் போதாது, துணிவும் வேண்டும். அத்துணிவை எவ்வாறு பெறுவது என்பதை என் சொந்த அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

கூச்சத்தின் வேர்

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். பனை நிறைந்த தேரி மண். என் அம்மா குருத்தோலையில் மூடிப் பெட்டி முடைபவர். அப்பெட்டி விற்ற பணத்தில்தான் எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக நான் கல்லூரி வாயிலை மிதித்தேன். அப்படியிருந்தும் முதலாண்டில் “உன் அம்மா என்ன செய்கிறார்?” என்று தோழியர் கேட்டபோதெல்லாம் “வீட்டில் இருக்கிறார்” என்றே சொல்லி வந்தேன். மகளே மதிக்காத பொருளை வாங்குபவர் எப்படி மதிப்பார்? இதே பனை ஓலையில் முடையும் செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்றது என்று நூலகத்தில் படித்த அன்றுதான் என் தலை நிமிர்ந்தது.

கணக்கு தந்த துணிவு

கோடை விடுமுறையில் அம்மாவின் அருகில் கடிகாரத்துடன் அமர்ந்தேன். ஓலையை வகிர்ந்து, சாயம் காய்ச்சி, முடைந்து முடிக்க ஒரு பெட்டிக்கு 5 மணி நேரம். ஓலைக்கும் சாயத்துக்கும் 40 ரூபாய். ஊருக்கு வரும் வியாபாரி தந்ததோ 120 ரூபாய். மிஞ்சிய 80 ரூபாயை 5 மணி நேரத்துக்கு வகுத்தால், மணிக்கு 16 ரூபாய்!

மணிக்கு 60 ரூபாய் என வைத்தால் கூலி 300. ஓலையும் சாயமும் 40. அனுப்பும் அட்டைப் பெட்டி 25. சேதத்துக்கு ஒதுக்குவது 35. ஆக 400 ரூபாய். அஞ்சல் செலவு தனி.

“ஏட்டி, ஓலைப் பெட்டிக்கு இவ்வளவு துட்டு யாரு குடுப்பா?” என்றார் அம்மா. கணக்கைப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அஞ்சு மணி நேரமா ஆகுது?” என்று மட்டும் கேட்டார்.

காலை வெளிச்சத்தில் படம் எடுத்து, நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் குறித்து, வாட்ஸ்அப் வணிகச் செயலியில் வைத்தேன். மூன்றாம் நாள் கோவையிலிருந்து ஓர் அம்மையார், “விலை அதிகமாக இருக்கிறதே?” என்று கேட்டார். கை நடுங்கியது. 300 என்று எழுதி, அழித்தேன். பிறகு கணக்கை அப்படியே அனுப்பினேன். இரண்டு பெட்டிகள் கேட்டார்!

பிழையும் பாடமும்

முகமறியாதவருக்கு விற்பது புதிதன்று. நம் நாட்டு அஞ்சல் துறை 1877-லேயே வி.பி.பி. முறையைத் தொடங்கியது. பொருளைக் காணாமல் வாங்குபவருக்கு நம் சொல்லே சாட்சி. இதை ஒரு பிழையால் கற்றேன். ஐப்பசி மழையில் பெட்டி ஒன்றைப் பாலித்தீன் உறையில் இறுக்கிக் கட்டி அனுப்பினேன். அது பூஞ்சை படிந்து போய்ச் சேர்ந்தது. ஓலையில் உள்ள செல்லுலோஸ் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் என்று வகுப்பில் படித்தவள்தானே நான்! பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து அனுப்புகிறோம். “ஈரம் படாமல் வைக்கவும்” என்று படத்தின் கீழேயே எழுதிவிடுகிறோம். குறையை முன்னரே சொன்னவருக்கு விலை சொல்ல அச்சமில்லை.

மேலும் இரு செய்திகள். யு.பி.ஐ. வழியே பணம் பெற இரகசியக் குறியீட்டெண் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் ஏமாற்றுக்காரர். ஜி.எஸ்.டி. பதிவு இல்லையே என்று தயங்குவோர்க்கு: மின்வணிகத் தளங்களின் வழியே தம் மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு விற்பனையாளர்க்குச் சில நிபந்தனைகளுடன் 2023 அக்டோபர் 1 முதல் அப்பதிவிலிருந்து விலக்கு உண்டு.

முடிவுரை

மாதத்துக்குப் பத்துப் பெட்டிகள்தாம் இவ்வாறு போகின்றன. மற்றவை இன்னும் வியாபாரிக்கே. ஆயினும் சென்ற முறை அவர் 120 என்றபோது, “அஞ்சு மணி நேர வேலை, ஐயா. இருநூறுக்குக் குறைஞ்சு கட்டாது” என்றார் அம்மா. 180-க்கு முடிந்தது. அம்மா பேரம் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் பாய் பின்னுபவர், பூ வேலை செய்பவர், பொம்மை வனைபவர் இருக்கக்கூடும். இவ்விடுமுறையில் ஒரு நாள் அவர்கள் அருகில் கடிகாரத்துடன் அமருங்கள். துணிவு அந்தக் கணக்கிலிருந்து பிறக்கும்.

என் அம்மா என்ன செய்கிறார் என்று இனி யாரும் கேட்கலாம். அவர் ஓலைப் பெட்டி முடைகிறார்.