மாணவர் பாஸும் நம் கடைகளும்

நம்மவர் கடைகளில் ஆள் பஞ்சம் என்பது எவரும் அறிந்த சங்கதி. காலையில் ரொட்டி போட ஆள் கிடைத்தால் மாலையில் தண்ணீர் கலக்க ஆள் இருப்பதில்லை. இந்த நெருக்கடியில் ஊரிலிருந்து ஒரு யோசனை அடிக்கடி வந்துகொண்டிருக்கிறது. "பையனை அங்குள்ள ஏதாவதொரு கல்லூரியில் சேர்த்துவிடுங்கள். மாணவர் பாஸ் கிடைத்துவிடும். பிறகு உங்கள் கடையிலேயே இருந்துகொள்வான்" என்பதே அந்த யோசனை. இதிலுள்ள ஆபத்தை வியாபாரச் சகோதரர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்றே இதனை எழுதுகிறோம்.

நம் பாட்டனார்கள் காலம் வேறு. ரஜூலா கப்பலில் வந்து இறங்கினார்கள். உறவினர் கடையிலேயே உண்டு உறங்கித் தொழில் பழகினார்கள். பின்னர் தனிக்கடை வைத்தார்கள். அந்தப் பழக்கம் நம் மனத்தை விட்டுப் போகாததால், மாணவர் பாஸையும் ஆள் எடுக்கும் வழியென எண்ணிவிடுகிறோம். மலேசிய சர்க்கார் அவ்வாறு எண்ணவில்லை. வேலைக்கு வருவோர்க்கு ஒரு வாசல். படிக்க வருவோர்க்கு வேறு வாசல்.

படிப்பு வாசல் எவ்வாறு திறக்கிறது என்று பார்ப்போம். வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பங்களைக் கவனிப்பதற்காக, உயர்கல்வி அமைச்சின் கீழ் 2012ஆம் ஆண்டில் எஜுகேஷன் மலேசியா குளோபல் சர்வீசஸ் என்னும் நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. முதலில் பையனுக்கு ஒரு கல்லூரி இடம் தர வேண்டும். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க உள்துறை அமைச்சின் அனுமதி பெற்ற கல்லூரியாக அது இருக்க வேண்டும். அக்கல்லூரி வழியாக விண்ணப்பம் மேற்படி நிறுவனத்துக்குப் போகும். பத்திரங்கள் அங்கே சரிபார்க்கப்பட்டு, குடிநுழைவு இலாகா சம்மதித்தால், விசா ஒப்புதல் கடிதம் வரும். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, பாஸ்போர்ட் எண்ணைக் கொண்டு அந்நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம். தரகர் சொல்வதை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒப்புதல் கடிதம் வருமுன் பையன் விமானம் ஏறக் கூடாது. 2023 டிசம்பர் முதல் இந்திய நாட்டவர் 30 நாள் வரை விசா இல்லாமல் வந்து போக இடமளிக்கப்பட்டது. இதைக் காட்டி, "முதலில் வரட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்வாருண்டு. அந்தச் சலுகை சுற்றிப் பார்க்க வருவோர்க்கே அன்றி, படிக்க வருவோர்க்கு அல்ல.

வந்து சேர்ந்ததும் மருத்துவப் பரிசோதனை உண்டு. அதன் பின்னரே பாஸ் கைக்கு வரும். அதைப் புதுப்பிக்கும்போது, வகுப்புக்கு 100க்கு 80 நாளாவது சென்றிருக்கிறானா, தேர்ச்சிச் சராசரி 2.0க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இனி, கணக்குப் பார்ப்பது நம் தொழில் அல்லவா? பார்ப்போம். பையன் கடையில் நின்றால் வகுப்புக்குப் போக முடியாது. வகுப்புக்குப் போகாவிட்டால் பாஸ் புதுப்பிக்கப்படாது. பாஸ் முடிந்துவிட்டால், அவன் இந்நாட்டில் பாஸ் இல்லாத ஆள். அப்படிப்பட்டவரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிக்கு, 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி, ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஐந்து பேருக்கு மேல் ஒரே சமயத்தில் வைத்திருந்தால் சிறையோடு பிரம்படியும் உண்டு. ஒரு சிப்பந்தியின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய் கடையையே இழப்பது எந்தக் கணக்கில் சேரும்?

அப்படியானால் மாணவன் வேலையே செய்யக் கூடாதா எனலாம். செய்யலாம், அதற்கும் வரம்பு உண்டு. ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், வாரம் 20 மணி நேரத்துக்கு மேற்படாமல், உணவகம், பெட்ரோல் நிலையம், சிறு அங்காடி, தங்கும் விடுதி ஆகியவற்றில் வேலை செய்யலாம். அதற்கும் கல்லூரி மூலம் குடிநுழைவு இலாகாவின் அனுமதியை முன்கூட்டியே பெற்றாக வேண்டும். கல்லாப்பெட்டியில் உட்கார வைக்கக் கூடாது என்பதும் விதி.

இதனை நாம் வெறுமனே எழுதவில்லை. நம் லாத்தாவின் மகனுக்காக இதே யோசனை நமக்கும் வந்தது. "தம்பி, உன் மருமகன் உன் கடையில் நின்றால் உனக்கும் உதவி, எனக்கும் நிம்மதி" என்றார்கள். அப்போது நம் கடையில் இரண்டு ஆள் குறைவு. சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. விதிகளை விசாரித்த பிறகு முடியாது என்றோம். லாத்தா நான்கு மாதம் நம்மோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் மருமகனிடமே, "உனக்குப் படிக்க விருப்பமா, சம்பாதிக்க விருப்பமா?" என்று தொலைபேசியில் கேட்டோம். "படிக்கத்தான் மாமா, ஆனால் வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை" என்றான். அந்தச் சொல் நம்மை வெட்கப்படச் செய்தது. அவனைப் பற்றி இத்தனை பேசிய நாம் ஒருவரும் அவனைக் கேட்கவில்லையே! இப்போது அவன் ஊரிலேயே கல்லூரியில் படிக்கிறான். கட்டணத்தில் ஒரு பங்கை நாம் அனுப்பி வருகிறோம்.

ஆகவே சகோதரர்களே, ஊரிலிருந்து இப்படியொரு கோரிக்கை வந்தால், முதலில் பிள்ளையைக் கேளுங்கள். படிக்க விரும்பினால், கல்லூரியின் அனுமதியையும், அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரத்தையும் விசாரித்துவிட்டு முறைப்படி அழைத்து வாருங்கள். தங்க இடமும் உண்ணச் சோறும் நாம் கொடுப்போம். அவனுடைய வகுப்பு நேரத்தைக் கேட்காதிருப்போம். கடைக்கு ஆள் தேவையென்றால், வேலைக்குரிய அனுமதியை வேலைக்குரிய வாசலிலேயே போய்க் கேட்போம். பிறர் பிள்ளையின் படிப்பைக் கொண்டு நம் ஆள் குறையைத் தீர்த்துக்கொள்வது நமக்குத் தகாது.