காதுக்கட்டிக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

சிற்றாற்றிலோ குற்றாலத்திலோ ஆசை தீரக் குளித்துவிட்டு வந்த மறுநாள் காதுக்குள் அரிக்கும். கைக்குக் கிடைத்த ஊக்கையோ கோழி இறகையோ விட்டுக் குடைவோம். இரண்டொரு நாளில் காது விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கும். கங்கைகொண்டான் சிப்காட்டில் இரைச்சலுக்காகக் காதடைப்பான் செருகி வியர்வையோடு வேலை பார்ப்பவர்களுக்கும், இயர்போனைக் கழற்றாத பிள்ளைகளுக்கும் இந்தக் கட்டி வரும்.

காதுக் குழாயின் வெளிப்பகுதியில் மட்டுமே முடி உண்டு. அங்கே கீறல் பட்டால் முடிவேருக்குள் ஸ்டேஃபிலோகாக்கஸ் கிருமி புகுந்து சீழ் கோத்துக்கொள்கிறது. தோல் குருத்தெலும்போடு ஒட்டிக் கிடப்பதால் வீங்க இடமில்லை. அதனால்தான் சின்னக் கட்டி இரவெல்லாம் தூங்கவிடுவதில்லை.

முதலில் அது கட்டிதானா என்று பாருங்கள். காது மடலை மெல்ல இழுங்கள். துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை அழுத்துங்கள். சுரீரென்று வலித்தால், சோறு மெல்லும்போதும் வலித்தால், கோளாறு வெளிக்காதில்தான். சளி பிடித்து, மடலைத் தொட்டாலும் வலி கூடாமல் உள்ளே குத்தினால் அது நடுக்காதாக இருக்கலாம். அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

கட்டிக்கு ஒத்தடம்தான் வீட்டு மருந்து. உப்பு ஒத்தடத்தையே நான் சொல்வேன், ஈரம் காதுக்குள் இறங்காது. இரண்டு கைப்பிடி கல்லுப்பை வாணலியில் வறுத்து, சுத்தமான பருத்தித் துணியில் முடிந்துகொள்ளுங்கள். முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்து, இதமான சூடு வந்த பிறகே காதின் மேல் வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. குழந்தைகளுக்குச் சூட்டை இன்னும் குறைக்க வேண்டும்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஈரல் நோய் உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு.

குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காது வாயில் வையுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள். கட்டி ஆறும் வரை ஆற்றுப்பக்கம் போக வேண்டாம்.

ஆச்சிமார் பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள். அக்கறையோடு செய்வதுதான், ஆனாலும் தடுத்துவிடுங்கள். எண்ணெய் கட்டியை ஆற்றாது. சூடு தப்பினால் தோல் வெந்துவிடும், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நேரே உள்ளே இறங்கும். தாய்ப்பாலும் அப்படியே. கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்திலும் சில, ஓட்டை உள்ள காதில் விழுந்தால் கேட்கும் திறனையே கெடுக்கும். கட்டியைப் பிதுக்கவும் கூடாது.

கட்டி தானாக உடைந்தால் சீழும் கொஞ்சம் ரத்தமும் வரும், வலி சட்டென்று இறங்கும். வெளியே வந்ததை மட்டும் துடைத்து, கையைச் சோப்பால் கழுவுங்கள். அந்தக் காது கீழே இருக்கும்படி படுங்கள். துண்டையும் தலையணை உறையையும் வேறு யாரும் தொடாமல் வெந்நீரில் துவையுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த வீட்டு வைத்தியம் பொருந்தாது. அவர்கள் முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை மட்டுப்படாத உடம்பில் காதுக் கிருமி எலும்புவரை இறங்கி, முகநரம்பைத் தாக்கி, வாய் கோணச் செய்துவிடும், உயிருக்கே ஆபத்து. மற்றவர்களும் காய்ச்சல் அடித்தால், காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னுக்குத் தள்ளினால், காது கேட்காமல் போனால், மூன்று நாளாகியும் வலி குறையாவிட்டால் காத்திருக்கக் கூடாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.

கட்டி திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் சர்க்கரையைச் சோதியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.