பரம்பரையலகின் மூவகை விகாரம்

விகாரம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர்க்கு நன்னூற் புணரியலே நினைவுக்கு வரும். வாழைப்பழம் என்பதில் வல்லொற்றுத் தோன்றிற்று. பொற்குடம் என்பதில் னகரம் றகரமாய்த் திரிந்தது. மரவேர் என்பதில் மகரங் கெட்டது. நம் நாட்டு உயிரியல் நூல்களும் பரம்பரையலகில் நிகழும் மாற்றத்தை விகாரம் என்றே வழங்குகின்றன. அப்பெயரின் பொருத்தத்தை, இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் மார்பகப் புற்றுநோயைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பரம்பரையலகு நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டது. அவை மும்மூன்றாக வாசிக்கப்படும். ஒவ்வொரு மூன்றும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அவ்வமிலங்கள் தொடராகக் கோக்கப்பட்டு மடிந்து உருப்பெற்றதே புரதம். உருவம் பிழைத்தால் தொழிலும் பிழைக்கும். மேரி கிளயர் கிங் அம்மையார் 1990 இல் பதினேழாம் நிறமூர்த்தத்தில் இடங்காட்ட, 1994 இல் பிரித்தறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. 1 என்னும் அலகை எடுத்துக்கொள்வோம். அதன் புரதம் 1863 அமினோ அமிலங்களையுடையது; முறிந்த டீ.என்.ஏ. இழைகளைச் செப்பனிட உதவுவது.

முதலாவது திரிதல். தைமின் என்னும் ஓரெழுத்துக் குவானினாகத் திரிய, 61 ஆம் இடத்துச் சிஸ்டீன் நீங்கிக் கிளைசீன் அமர்கின்றது. சிஸ்டீன் நாக அயனைப் பற்றி நிற்பது. கிளைசீனுக்கு அவ்வாற்றல் இல்லை. பிடி நெகிழவே, புரதத்தின் அப்பகுதி உருக்குலைந்து தன் தொழிலை இழக்கின்றது.

இரண்டாவது கெடுதல். அலகின் தொடக்கத்தருகே இரண்டெழுத்துக் கெடின், சீர் பிரிப்பதில் ஓரிடம் தவற அடி முழுவதும் பிறழ்வது போல, பின்வருவன யாவும் பிறழும். நிறுத்தக்குறி முந்தி வந்து, புரதம் நாற்பது அமிலங்களுக்குள் நின்றுவிடும்.

மூன்றாவது தோன்றல். இறுதியருகே ஒரு சைற்றோசீன் மிகையாகத் தோன்றின் புரதத்தின் வால் மட்டுமே சிதையும். எனினும் ஏனைய புரதங்களைப் பற்றும் பகுதி அவ்வாலிலேயே உள்ளது.

புணர்ச்சி விகாரத்தாற் பொருள் கெடுவதில்லை. பரம்பரையலகிலும் தீங்கு செய்யாத விகாரங்கள் பலவுள. தீயது வாய்த்தாலும், மற்றைப் பெற்றோர் வழிவந்த நற்படி தொழிலை நடத்தும். ஏதேனும் ஒரு கலத்தில் அதுவும் பழுதுறின், செப்பனிடுவாரின்றிப் பிழைகள் பெருகிப் புற்றுக்கு வழியாகும். ஆகவே விகாரமுடையார் அனைவரும் நோயுறுவதில்லை; நோயுற்றாருட் பெரும்பாலார்க்கு இது பரம்பரையாக வந்ததுமன்று.

இது பெண்டிர்க்கே உரிய செய்தி என ஆடவராகிய நாம் ஒதுக்குதல் தகாது. இவ்விகாரத்தைத் தாயைப் போலவே தந்தையும் தம் மக்களுக்கு வழங்கலாம். ஒவ்வொரு மகவுக்கும் அது சேர்வதற்கான வாய்ப்புப் பாதி. தந்தைவழிப் பாட்டியோ அத்தையோ இளவயதில் இந்நோயுற்றிருப்பின், அதனைப் பழியென மறைத்தலாகாது. மருத்துவரிடம் காலத்தே கூறுக. பிழை எங்குள்ளதென அறிந்தாலன்றோ காவல் செய்தல் இயலும்!