சென்னைக்குப் போனோம், அம்மா என்ன பார்த்தார்?

இந்த மாதப் பாடம்: குடும்பச் சுற்றுலா



உளுந்து, பயறு அறுவடை முடிந்துவிட்டது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வரை நம் பக்கம் நடவு வேலை அதிகம் இருக்காது. பள்ளிக்கூடமும் லீவு. "மெட்ராஸ் கூட்டிட்டுப் போம்மா" என்று பிள்ளைகள் நச்சரிக்கும் நேரம் இது. அதனால் இந்த மாதம் சுற்றுலாவையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

போன வருடம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு அக்கா அப்போதுதான் குடும்பத்தோடு சென்னை போய் வந்திருந்தார். "கடல் எப்படி இருந்துச்சுக்கா?" என்று கேட்டேன்.

"பிள்ளைங்க பாத்துச்சுங்க மேடம். நான் பையையும் செருப்பையும் காவல் காத்துக்கிட்டு மணல்ல உக்காந்திருந்தேன்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

பிறகு விவரமாகச் சொன்னார். சொந்தக்காரர் வீட்டில் நான்கு நாள் தங்கல். அங்கேயும் காலையில் இவர்தான் சமையல். செலவுக்கு வெளியில் ஐந்து வட்டிக்கு 4000 ரூபாய் வாங்கியிருக்கிறார். மாதம் 200 ரூபாய் வட்டி. பத்து மாதம் அசல் கட்டவில்லை என்றால் வட்டி மட்டும் 2000 ரூபாய்! அவர் பார்க்காத கடலுக்கு அவரே வட்டி கட்டுகிறார்.

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. கடன் இல்லாமல் போவது எப்படி? அம்மாவும் பார்ப்பது எப்படி?

1. பணம்

சுற்றுலா திடீர்ச் செலவு இல்லை. மே மாதம் லீவு வரும் என்பது ஆடி மாதமே நமக்குத் தெரியும். குழுச் சேமிப்பைத் தொடாமல், தனியாக வாரம் 100 ரூபாய் எடுத்து வைத்தால் 40 வாரத்தில் 4000 ரூபாய். வட்டியே இல்லை. டீக்காசு, பஸ் காசு என்று கணவரையும் கொஞ்சம் போடச் சொல்லுங்கள். போகும்முன் டிக்கெட், சாப்பாடு, ஆட்டோ, நுழைவுக் கட்டணம் என்று எழுதி, அவசரத்துக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள்.

2. பயணம்

ரயிலில் 60 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம். 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். ரயில் எழும்பூர் வரை போகிறதா, தாம்பரத்தோடு நிற்கிறதா என்று டிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் கோயம்பேடு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென் மாவட்ட பஸ்கள் அங்கேதான் நிற்கின்றன. வண்டலூர் உயிரியல் பூங்கா அங்கிருந்து பக்கம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. நகருக்குள் சாதாரணக் கட்டண அரசு பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எந்த பஸ் என்று நடத்துனரிடம் கேட்டு ஏறுங்கள்.

3. என்ன பார்க்கலாம்?

பெரிய கடைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் கையில் பை இருக்கும், காசு இருக்காது. நமக்குச் சம்பந்தம் உள்ள இடங்கள் சென்னையில் நிறைய உண்டு.

எழும்பூர் அருங்காட்சியகம்: 1851-ல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்குள்ள வெண்கலச் சிலைகளில் திருவெண்காட்டு அர்த்தநாரி ஒன்று. நம் பக்கத்து மயிலாடுதுறை மாவட்டத்துச் சோழர் காலச் சிலை. ஒரே உடம்பில் பாதி ஆண், பாதி பெண். இதே திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கிறார். சென்னை போக முடியாதவர்கள் அவரையாவது போய்ப் பாருங்கள்.

மெரினா: உழைப்பாளர் சிலை 1959-ல் வைக்கப்பட்டது. பாறையை நகர்த்தும் நான்கு பேருமே ஆண்கள். "நடவு நடுற அம்மா எங்க?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அதே கடற்கரைச் சாலையில் ராணி மேரி கல்லூரி இருக்கிறது. 1914-ல் தொடங்கியது, சென்னையில் பெண்களுக்கான முதல் கல்லூரி. மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்: 2010-ல் திறந்தது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. மத்தியான வெயிலுக்கு நல்ல இடம்.

குழாய்த் தண்ணீர்: இதையும் ஒரு இடமாகவே காட்டலாம். நம் கொள்ளிடத்துத் தண்ணீர் அணைக்கரையில் திரும்பி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் சென்னைக்கு வருகிறது. சென்னையின் பல குடங்களில் இருப்பது நம் காவேரித் தண்ணி. பட்டணத்தில் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

4. வேலைப் பங்கு

சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் உதவி செய்வது நம் பண்பு. ஆனால் முழுச் சமையலும் நம் தலையில் விழக்கூடாது. கணவரும் பெரிய பிள்ளைகளும் சேர்ந்து செய்யட்டும். ஒரு வேளையாவது எல்லோரும் வெளியில் சாப்பிடுங்கள். கடற்கரையில் பையை முறை வைத்துப் பாருங்கள். முதல் முறை அப்பாவுக்கு!

5. பாதுகாப்பு

மெரினாவில் அலையில் கால் நனைக்கலாம், குளிக்கக் கூடாது. உள்ளிழுப்பு அதிகம். பிள்ளையின் சட்டைப் பையில் பெற்றோர் போன் நம்பரை எழுதி வையுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு இடத்திலும் முன்பே சொல்லுங்கள். நகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். பணத்தை இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112.

குழுக் கூட்டத்தில் பேச:

* கடைசியாக நாம் போன பயணத்தில் யார் பார்த்தார்கள், யார் பை காத்தார்கள்?
* சுற்றுலாவுக்குக் கடன் வாங்கியவர்கள் எவ்வளவு வட்டி கட்டினோம்?
* வரும் ஆடியில் இருந்து தனிச் சேமிப்பு தொடங்கலாமா? வாரம் எவ்வளவு?

அந்தக் குழுவில் அன்றைக்கே பேசி, வாரம் 50 ரூபாய் என்று முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். முதல் கையெழுத்துப் போட்டது அந்த அக்காதான். "அடுத்த தடவை நான் தண்ணியில நிப்பேன் மேடம்" என்றார்.