ஹவானாவின் பழைய கார்கள்

கியூபாவின் தலைநகரான ஹவானாவில், 1950களில் தயாரான செவர்லே, பியூக் போன்ற அமெரிக்கக் கார்கள் இன்றும் ஓடுகின்றன. 1960இல் அமெரிக்கா வணிகத் தடை விதிக்கத் தொடங்கியபின் அங்கிருந்து உதிரிபாகங்கள் வருவது நின்றது. பழுதானால் என்ன செய்வது? உரிமையாளர்களே பழுதுபார்க்கப் பழகிக்கொண்டனர்.

கிடைக்காத பாகத்தைக் கடைசல் இயந்திரத்தில் செய்துகொள்கின்றனர். துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்து, வேறு தகட்டைப் பற்றவைத்து, தட்டிச் சீராக்கி, சாயம் பூசுகின்றனர். பழைய பெட்ரோல் இயந்திரம் தேய்ந்துபோனால், சோவியத் வாகனத்தின் டீசல் இயந்திரத்தைக்கூடப் பொருத்திவிடுகின்றனர்!

அமெரிக்காவில் பழைய கார்களைப் பொழுதுபோக்காகப் பராமரிப்போர் பலர், தொழிற்சாலையில் பொருத்திய அசல் பாகங்களையே விரும்புவர். அவர்கள் கண்ணுக்கு ஹவானா கார் வெறும் ஒட்டுவேலை. அதன் உரிமையாளருக்கோ அது தாத்தா விட்டுச்சென்ற சொத்து. வாடகைக்கு ஓடி வீட்டுக்குச் சோறு போடுவது. நாளைக் காலையிலும் அது கிளம்பியாக வேண்டும்.