மழைக்கு முன் கோழித் தண்ணீரைக் கவனியுங்கள்

வடகிழக்குப் பருவமழை இறங்கப் போகிறது. பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்தில் உளுந்து, பாசி, மக்காச்சோளம் விதைப்பில் எல்லோரும் மும்முரமாக இருப்பீர்கள். கோழி வளர்ப்பவர்கள் அதற்கு நடுவே அரை நாளைத் தண்ணீருக்கென்று ஒதுக்கியே ஆக வேண்டும்.

கரிசல் பூமியில் கோடை முழுக்க உப்புத்தண்ணீர்தான் தொல்லை. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் வரை உப்பு கரைந்திருந்தால் கோழி தாங்கும். 3,000-ஐத் தாண்டினால் எச்சம் நீர்த்துப்போகும், கூளம் நனையும், வளர்ச்சி குன்றும். பிளீச்சிங் பவுடர் போட்டாலும் காய்ச்சினாலும் உப்பு போகாது. மழைநீரைப் பிடித்துப் போர் தண்ணீரோடு கலப்பதுதான் கைக்கெட்டும் வழி. முதல் ஓரிரு மழைத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். கூரையில் கிடக்கும் தூசியும் காக்கை எச்சமும் அதோடுதான் வரும்.

மழை பெய்ததும் தொல்லை வேறு விதம். கிணறும் கண்மாயும் கலங்கி, கரைமேல் கிடந்த அழுக்கெல்லாம் தண்ணீரில் சேரும். கலங்கல் தண்ணீரில் குளோரினைக் கொட்டினால் பாதியை அந்த மண்ணும் அழுக்குமே தின்றுவிடும். முதலில் படிகாரம் போட்டுத் தெளியவையுங்கள். பிறகு 1,000 லிட்டருக்கு 10 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துத் திறந்துவிடலாம்.

நம் பகுதித் தண்ணீருக்குக் காரத்தன்மை அதிகம். அதைக் காட்டும் பி.எச். அளவு 7 இருக்கும் தண்ணீரில் குளோரினில் முக்கால் பங்கு கிருமியைக் கொல்லும் நிலையில் இருக்கும்; 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அளவாகப் போட்டும் நோய் வருகிறதே என்று பலர் கலங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பி.எச். குறைக்கும் அமிலக் கரைசலைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

நிப்பிள் குழாய் போட்டிருப்பவர்கள் இன்றே செட்டின் கடைக்கோடி மூடியைக் கழற்றி, வரும் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். பழுப்புச் செதில்கள் மிதக்கும். குழாய்க்குள் விரலை விட்டால் வழவழக்கும். தண்ணீரில் கலந்து கொடுத்த வெல்லமும் வைட்டமினும் வளர்த்த கிருமிப் படலம் அது. தொட்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கோழி குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். கோழியை விற்று செட் காலியாக இருக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை நிரப்பி ஊறவிட்டு அலசுங்கள். குளோரினையும் கடைசி நிப்பிளில்தான் சோதிக்க வேண்டும். அங்கே லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம் இருக்கட்டும்.

வீட்டுப் புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்க்கும் அம்மாக்களே, தண்ணீர்ச் சட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் மேல் வையுங்கள். காலையும் மாலையும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். ரத்தக்கழிச்சல் கிருமியின் முட்டைகள் குளோரினுக்குச் சாகாது. எச்சம் விழாமல் காப்பது ஒன்றுதான் வழி. தேங்கிய குட்டைத் தண்ணீரில் கோழி வாய் வைக்க விடாதீர்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா தடுப்பு மருந்தைக் குடிநீரில் கொடுப்பதாக இருந்தால், இரண்டு நாள் முன்பே குளோரினை நிறுத்துங்கள். இல்லையென்றால் மருந்து வீண். லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் சேர்த்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். மறுநாளும் குளோரின் வேண்டாம்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரியைக் கொடுத்துச் சோதிக்கலாம். மழைக்கு முன் ஒரு முறை, கிணறு ஊறிய பின் ஒரு முறை கொடுங்கள். கோழி குடித்துத் தொட்டியில் தினமும் எத்தனை லிட்டர் இறங்குகிறது என்று குறித்து வாருங்கள். காரணமில்லாமல் குறைந்தால், கோழி சுணங்கும்வரை காத்திராமல் அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.